அம்மா இறக்கும் காட்சி

சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. பவதாரிணியின் டைரியில் ஸ்டேப்ளர் அடித்து, மேலே சிவப்பு மையில் ‘மிக அவசரம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து வெறும் அவசரம் என்று எதுவும் வந்ததில்லை. நகம் வெட்டுவதுகூட மிக அவசரம்தான்.

பள்ளி ஆனையூரில் இருந்தது. பெயரில் இன்டர்நேஷனல் இருந்தது. அதன் வேன் ஒருநாளும் பக்கத்திலிருக்கும் கூடல்நகரைத் தாண்டியதில்லை. விழாவுக்கு ‘வண்ண முட்டை வசந்த விழா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கோ ஒரு தேசத்தில் பிள்ளைகள் புல்வெளியில் சாய முட்டை பொறுக்குவதைத் தாளாளரின் மருமகள் செல்போனில் பார்த்துவிட்டார். அதுதான் காரணம். பள்ளியில் புல்வெளி கிடையாது, சிமென்ட் கல் பாவிய முற்றம்தான். மற்றபடி எல்லாம் ஒத்துப்போகிறது என்று ஏழு பேர் கொண்ட முட்டைக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.

சுற்றறிக்கையில் பதினோரு அம்சங்கள். முதலாவது, இது அம்மாவும் குழந்தையும் சேர்ந்து செய்வது. இரண்டாவது, இது தீயில்லாச் சமையல். போன வருடம்வரை தீயில்லாச் சமையல் என்றால் அவலை ஊறவைத்து வெல்லம் போட்டுப் பிசைவது. இந்த வருடம் மின்சார பிரஷர் குக்கர். கரண்டு தீயில் சேராது என்று கமிட்டி தனியாக ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தது. மூன்றாவது, அம்மா வீட்டில் வழக்கமாகப் புழங்கும் குக்கரில்தான் முட்டை வேக வேண்டும். பதினோராவது, முட்டை வராத பிள்ளைகள் விழா முடியும்வரை நூலக அறையில் அமர்த்தப்படுவார்கள்.

பவா இரண்டாம் வகுப்பு. கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கச் சொல்லியிருந்ததால் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாண பேனர் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பாள். சுற்றறிக்கையையும் வாசித்தாள். நாலாவதில் வந்து நின்றாள்.

“முட்டை வெந்ததும் அம்மா இறக்கவும்.”

இன்னொரு தடவை, மனதுக்குள் வாசித்துப் பார்த்தாள்.

“அப்பா, நம்ம அம்மாதான் முன்னாடியே இறந்துட்டாங்கள்ல. அப்ப நமக்கு நாலாவது வேணாமா?”

அருள்பாண்டி அவளுடைய யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை. இது வேற இறக்கு என்று சொன்னான். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கிறோமே, அந்த இறக்கு.

“ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானப்பா?”

“ஒரே எழுத்துதான்.”

“அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?”

அவன் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். தெரியவில்லை.

குக்கர் சமையல் மேடையின் மூலையில் இருந்தது. அவன் மனைவி சத்யப்ரியா ஆசைப்பட்டு வாங்கியது. ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் தேவலாம் என்று எழுந்து, தனக்கென்று அதில் மிளகு ரசம் வைத்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் அவள் இல்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, மூடியை மூடி வைத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அருள்பாண்டி மூடியைத் திறந்தான். உள்ளே ரசம் மணத்தது. மிளகும் பூண்டும் சீரகமும், ரசம் இல்லாத ரசம். அப்படியே மூடினான்.

அவனுக்கு அதன் காரணம் தெரியும். கப்பலூரில் ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையம் வாசத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஆவி ஏறும்போது பழையது கிளம்பிவிடும், புதியது ஏறிக்கொள்ளும். எட்டு மாதமாக அவன் மறுபடி திறக்கவில்லை. சோற்றைக் கேஸ் அடுப்பில் வடித்தான். குழம்பு மெஸ்ஸிலிருந்து வந்தது.

சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான். தாமரைச்செல்வி மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். கழுத்தில் ‘செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர்’ என்ற அட்டை. நல்ல மனுஷி. சத்யப்ரியா இறந்தபோது துட்டி கேட்க வீட்டுக்கு வந்து பவாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

“எனக்குப் புரியுது சார். சிஸ்டத்துக்குப் புரியலை.”

கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். மாணவி பவதாரிணி. தாய் சத்யப்ரியா. பக்கத்தில் பச்சைப் புள்ளி. நிலை: ஆக்டிவ். எட்டு மாதமாக ஆக்டிவ். போன மாதம் பிறந்தநாளுக்கு இன்னும் நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகூடப் போயிருந்தது. பச்சைப் புள்ளி இருக்கும்வரை அம்மாவின் வீடியோவைச் சிஸ்டம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அம்மாவை எடுக்க வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, அம்மாவின் செயலியிலிருந்து அம்மாவே விண்ணப்பிக்க வேண்டும்.

சத்யாவின் போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. பள்ளிச் செய்திகள் ‘II-B தாய்மார்கள்’ வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே வரும் என்பதால் அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். செயலியைத் திறந்தான். ‘நீங்கள் எங்களைப் பிரிவதில் வருத்தம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றது. மூன்று காரணங்கள் இருந்தன. பள்ளி மாற்றம். வெளியூர் செல்கிறேன். சேவை திருப்தியில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தான். பக்கத்தில் வருவதென்றால் இரண்டாவதுதான். விரலை அதன்மேல் கொண்டுபோனான். பிறகு பின்னால் போகும் பொத்தானை அழுத்தினான்.

“சைவக்காரங்க முட்டைக்கு என்ன செய்றாங்க மிஸ்?” என்று கேட்டான்.

அதற்குக் கமிட்டி ஏற்பாடு செய்திருந்தது. சைவக் குடும்பங்கள் உருளைக்கிழங்கை வேகவைத்துச் சாயம் ஏற்றிக் கொண்டுவரலாம். அது முட்டையாகவே கருதப்படும். முட்டைகளோடு முட்டையாக அதே மேசையில் வைக்கப்படும்.

“உருளைக்கிழங்கை முட்டைன்னு எடுத்துக்கிறீங்க. என்னைய அம்மான்னு எடுத்துக்க முடியாதா மிஸ்?”

தாமரைச்செல்வி மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். “உருளைக்கிழங்குக்குச் சர்க்குலர் இருக்கு சார்” என்றார் மெதுவாக.

அவரே அவனைத் தாளாளர் தங்கப்பாண்டியிடம் அழைத்துப்போனார். தாளாளர் முன்பு திருமங்கலம் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தவர். அதை மறைக்கிறவர் இல்லை. அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு செங்கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ‘அடித்தளம்’ என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இடையில் இரண்டு போன் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

“தம்பி, சூளையில ஒரு கல்லு வேற நிறத்துல வந்தா, வாங்க வர்றவன் அந்தக் கல்லைக் குறை சொல்ல மாட்டான். சூளையைத்தான் சொல்லுவான். பிள்ளைகளும் அப்படித்தான். எல்லாம் ஒண்ணுபோல வேகணும், ஒண்ணுபோல நிறம் ஏறணும். அம்மா இல்லாத பிள்ளைன்னு நம்ம ஸ்கூல்ல யாரையும் பிரிச்சுப் பார்க்கிறதே இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் அம்மா இருக்குன்னுதான் நடத்துறோம். அதுக்குப் பேருதான் சமத்துவம். ஃபார்ம்ல அம்மா இல்லைன்னு எழுத ஒரு கட்டம் வைக்கலாம்னு இவங்க சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கட்டம் வச்சா அதை நிரப்பணும்னு தோணும். அது அபசகுனம்.”

பிறகு, தன் மனமே இளகிவிட்டதைப்போல மேசைமேல் சாய்ந்து, அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு சலுகையைக் கொடுத்தார்.

“பழைய வீடியோ இருந்தாக்கூடப் போதும் தம்பி. முட்டைதான் இருக்கணும்னுகூட இல்ல. அம்மா இறக்குறது தெரியணும். அம்புட்டுத்தான்.”

அந்த வாரம் முழுக்கச் சத்யாவின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ‘அம்மா முட்டையை இறக்கும் காட்சி’ என்று திங்கட்கிழமை வந்த தலைப்பு, செவ்வாய்க்கிழமை சுருங்கி, ‘அம்மா இறக்கும் காட்சி’ ஆகிவிட்டது. ஒரு தாய், நான் நேற்றே இறக்கிவிட்டேன் மிஸ் என்று போட்டிருந்தார். அதற்குப் பத்துப் பேர் கை தட்டியிருந்தார்கள். இன்னொரு தாய், எனக்கு வேலை இருக்கிறது, எனக்குப் பதில் மாமியார் இறக்கினால் ஏற்பீர்களா என்று கேட்டார். அம்மாதான் இறக்க வேண்டும், விதிவிலக்கு இல்லை என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அம்மா இறக்கும் காட்சி: வந்தவை முப்பத்தொன்று. நிலுவை ஒன்று. பவதாரிணி.

நிலுவை என்பதைப் பார்த்து அருள்பாண்டிக்குச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. வரவில்லை.

வீடியோ அந்தப் போனிலேயே இருந்தது. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பதினாலு விநாடி. குக்கர் வாங்கிய புதிதில் பவா எடுத்தது, அதனால் பாதி தரையும் ஒரு செருப்பும்தான் தெரியும். பிறகு ஆட்டம் நின்று, சத்யா வருவாள். கைப்பிடித் துணியால் உள்பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி, மேடையில் இறக்கி வைப்பாள். “தள்ளிப் போ பவா, சுடும்” என்பாள். முடிந்தது. பாத்திரத்தில் இருந்தது பருப்பு. சனிக்கிழமை அதை அனுப்பினான். சத்யாவின் எண்ணிலிருந்து சத்யாவின் வீடியோ போயிற்று. உடனே பதில் வந்தது: நன்றி சத்யப்ரியா மேம், கடைசி நேரம்வரை காத்திருக்க வைக்காதீர்கள்.

ஆறாவது அம்சம் மிச்சமிருந்தது. முட்டை வேகும் குக்கரிலிருந்து ஆவி வெளியேறுவது ஓசையோடு தனி வீடியோவாக வேண்டும்.

முட்டை வாங்க ஞாயிற்றுக்கிழமை காலை சோணைமுத்து கடைக்குப் போனான். சோணைமுத்து ஒரு வாரமாக முட்டைக்கும் சாயத்துக்கும் பதில் சொல்லிச் சலித்திருந்தார். கேசரிப் பவுடர் தீர்ந்துவிட்டது, கேக்குக்குப் போடும் கலர் நாலு பாட்டில் இருக்கிறது என்றார்.

“நேத்து ஒரு அம்மா சுங்குடிச் சேலைக்குப் போடுற சாயம் கேக்குது மாப்ள. அதுல முக்குன முட்டையைத் தின்னா வயித்துக்குள்ளயும்ல புள்ளி விழும்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு.” ஆறு முட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒன்றைக் கூடுதலாக வைத்தார். “ஒண்ணு விரிசல் விட்டா வேணும்ல. வச்சுக்க.”

கேஸ் அடுப்பில் ஒரு சட்டியை வைத்து வேகவைத்துவிடலாம், ஆவிக்கு வேறு யார் வீட்டுக் குக்கரையாவது படம் பிடித்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருந்தான். பவாவிடம் சொல்லிப் பார்த்தான். அவள் சுற்றறிக்கையை எடுத்துவந்து மூன்றாவதில் விரலை வைத்தாள்.

“அம்மா குக்கர்லன்னு போட்டிருக்குப்பா. ஏமாத்துனா நூலகத்துல உக்கார வச்சிருவாங்க. அங்க ஃபேனே ஓடாது.”

புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டான்.

“அது அம்மா குக்கர் இல்லையே.”

அவன் மேடைக்குப் போனான். குக்கரின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் சத்யா வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதி வைத்திருந்தாள். சாதம் 8. பருப்பு 12. முட்டை 5-5-5. ஐந்து நிமிடம் வேக, ஐந்து நிமிடம் சும்மா, ஐந்து நிமிடம் பச்சைத் தண்ணீரில். மூன்று ஐந்தும் ஒரே மாதிரி, வால் நீண்டு, பக்கத்து ஐந்தைத் தொட்டுக்கொண்டு இருந்தன.

மூடியைத் திறந்தான். இருந்தது. எட்டு மாதத்தில் மெலிந்திருந்தது, ஆனால் இருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினான். தட்டை வைத்து ஏழு முட்டைகளையும் அடுக்கினான். மூடினான். ஐந்தை அழுத்தினான். அது மூன்று முறை கீச்சென்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கியது. எந்த வேலையிலும் அதற்கு வித்தியாசம் இல்லை.

பவாவுக்குப் போனைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். ஐந்து நிமிடம் வெந்தது. ஐந்து நிமிடம் சும்மா இருந்தது. ஒரு கரண்டிக் காம்பால் ஆவி வால்வைத் திருப்பினான்.

சீறிக்கொண்டு வந்தது. வெள்ளையாக மேலே போய் அலமாரியில் மோதிச் சமையலறை முழுக்க இறங்கியது. மிளகு. பூண்டு. தாளித்த சீரகம். கறிவேப்பிலைகூட இருந்தது. அது அவ்வளவு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பவா போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

“அம்மா ரசம்” என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். மூச்சை இழுத்தபடி நின்றார்கள். அரை நிமிடம் இருக்கலாம். பிறகு சீறல் மெலிந்தது, வால்வு டொக்கென்று விழுந்தது. அடுத்து வந்தது வெந்த முட்டை வாசம்.

அவன் மூடியைத் திறந்து கவிழ்த்தான். வளையம் ஈரமாக மின்னியது. ஓரத்தில் விரலை விட்டு இழுத்தான். உடனே கையோடு வந்துவிட்டது. முகர்ந்தான். முட்டை. கழற்ற இவ்வளவுதான். ஒரு நாளைக்கு நானூறு வளையங்களைக் கழற்றி மாட்டிச் சோதிக்கிறவன் அவன். இதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வேகவைத்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

“அப்பா, அடுத்த அஞ்சு” என்றாள் பவா.

முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டான்.

நாலு தம்ளரில் சுடுநீரும் வினிகரும் ஊற்றி, கலர் சொட்டினார்கள். ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு மற்ற ஆறையும் முக்கினார்கள். பவா ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து, அம்மா இறக்குவதைப்போல மேடையில் மெல்ல இறக்கி வைத்தாள். சிவப்பு நன்றாகப் பிடித்திருந்தது. நீலம் திட்டுத்திட்டாக இருந்தது. அவள் அதற்காக அழவில்லை.

திங்கட்கிழமை முற்றத்தில் பந்தல். நீளமான மேசைகளில் ஆயிரத்துச் சொச்சம் முட்டைகளும் நூற்றுச் சொச்சம் உருளைக்கிழங்குகளும். ஏப்ரல் வெயிலுக்கு முன்னோட்டம் மாதிரி வெயில். பத்து மணிக்கே வாசம் கிளம்பிவிட்டது. தாளாளர் ஒரு மணி நேரம் பேசினார். முட்டைக்குக் கோடு கிடையாது, மூலை கிடையாது, அதனால் அதைப்போல் ஒழுக்கமான பொருள் உலகத்தில் இல்லை என்றார். உடைத்தால் குழம்பு, உடைக்காவிட்டால் கல்வி என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கும் புரியாததால் நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று.

அடுத்து பெரிய திரையில் வீடியோக்கள். வகுப்பு வாரியாக ஓடின. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறியது. அருள்பாண்டி கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். திரையில் தரை வந்தது. செருப்பு வந்தது. பிறகு சத்யா ஒரு லாரி உயரத்துக்கு வந்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்தாள். ஸ்பீக்கர் எட்டுத் திசைக்கும், “தள்ளிப் போ பவா, சுடும்” என்றது. அடியில் எழுத்து ஓடியது: பவதாரிணி, II-B, அம்மா இறக்கும் காட்சி.

மற்ற வீடியோக்களுக்குத் தட்டியதைப்போலவே இதற்கும் தட்டினார்கள்.

பரிசு அறிவித்தார்கள். இரண்டாம் வகுப்பில் சிறந்த முறையில் இறக்கிய தாய்க்கான பரிசு, கைப்பிடித் துணி பயன்படுத்தியதற்கும் குழந்தையைத் தள்ளிப் போகச் சொன்ன பாதுகாப்பு உணர்வுக்குமாகச் சேர்த்து, திருமதி சத்யப்ரியா. தாமரைச்செல்வி மிஸ் மேடையின் ஓரத்தில் நின்று தாளாளரிடம் ஏதோ சொல்ல முயன்றார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“திருமதி சத்யப்ரியா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.”

யாரும் போகவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார். அருள்பாண்டி காலை எடுத்து வைப்பதற்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பவா எழுந்து, படியேறிப் போய்விட்டாள். தாளாளருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குனிந்து மைக்கை அவள் வாயருகில் நீட்டினார்.

“அம்மா எங்க பாப்பா?”

“இறந்துட்டாங்க.”

தாளாளர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆமா, நல்லாவே இறக்கிட்டாங்க. அதான் வீடியோவுல பார்த்தமே. அதுக்குத்தான் பரிசு. இப்ப அவங்க எங்கன்னு கேட்டேன்.”

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. பவா அவரையே பார்த்தாள். இவ்வளவு பெரியவர், எல்லார் முன்னாலும், மைக்கில் கேட்கிறார். தெரியாமல் கேட்க மாட்டார். தாளாளர் மைக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல், மூன்றாவது முறையாக அழைத்தார்.

“பவதாரிணியின் அம்மா சத்யப்ரியா எங்கிருந்தாலும் உடனே வரவும். குழந்தை காத்திருக்கிறது.”

மேடையில் நின்ற பவா பள்ளிக் கேட்டை எட்டிப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் அருள்பாண்டியும் திரும்பிப் பார்த்தான்.